மெட்ரோபொலிஸ்: உறவுப்பெயரும் அளவுப்பெயரும்

'மெட்ரோபொலிஸ்' என்னும் சொல்லை மொழிபெயர்ப்பாளர் பலர் 'மாநகர்' என்றே எழுதுகின்றனர். கிரேக்கத்தில் அதன் முதற்கூறு தாயைக் குறிப்பது, பருமையைக் குறிப்பதன்று. குடியேற்ற நகரை நிறுவிய நகரே அதற்கு மெட்ரோபொலிஸ். சிசிலியில் சிராக்கூஸ் எத்துணைப் பெரிதாக வளர்ந்தபோதும் கொரிந்தே அதன் தாய்நகர். ஈண்டு 'மாநகர்' என்பது உறவுப்பெயரை அளவுப்பெயராக்கிவிடுகிறது.

1992ஆம் ஆண்டின் 74ஆம் அரசியலமைப்புத் திருத்தம் பத்து இலட்சம் மக்கள்தொகையை வரம்பாகக் கொள்வதால் அங்குப் 'பெருநகர்' பொருந்தும். 'மாநகர்' எனின் மாநகராட்சியோடு மயங்கும்.

சிக்கல் மிகுவது குடியேற்ற ஆட்சி வரலாற்று நூல்களில். அல்ஜீரியாவை ஆண்ட பிரான்சு, பிரெஞ்சில் 'மெத்ரோபோல்' எனப்பட்டது. அது நகரே அன்று. வேர்ப்பொருள் நோக்கித் 'தாய்நாடு' எனலும் ஆகாது. தமிழில் அது பிறந்த நாட்டையே சுட்டும். அல்ஜீரியர்க்குப் பிரான்சு அத்தகையதன்று. வேர் மறைந்தாலும் 'ஆளும் நாடு' என்பதே தகும்.