கதவு யாரிடம் இருக்கிறது?

சிறுத்தை பற்றிய செய்தி என்றால் நம் நாளிதழ்களுக்கு ஒரே ஒரு வினைச்சொல்தான்: ‘புகுந்தது’. ஊருக்குள் புகுந்த சிறுத்தை, குடியிருப்புக்குள் புகுந்த சிறுத்தை. அந்தச் சொல்லைப் போட்டவுடன் பாதிக் கதை முடிந்துவிடுகிறது. வீடு நம்முடையது, அது வெளியிலிருந்து வந்தது, வந்ததைத் திருப்பி அனுப்ப வேண்டும். அப்புறம் கூண்டு, மயக்க ஊசி, கூட்டம், செல்ஃபி. தீர்ப்பு வினைச்சொல்லிலேயே எழுதப்பட்டுவிடுகிறது.

இந்தச் சொல்லுக்கு விளைவும் உண்டு. 2000-களின் தொடக்கத்தில் மகாராஷ்டிரத்தின் ஜுன்னர் பகுதியில் கரும்புக் காடுகளில் திரிந்த சிறுத்தைகளைப் பிடித்துத் தொலைதூரக் காடுகளில் கொண்டுபோய் விட்டார்கள். ‘புகுந்ததை’ அனுப்பிவைத்தாயிற்று. ஆனால் விட்ட இடங்களை ஒட்டிய ஊர்களில் மனிதர்கள் மீதான தாக்குதல் கூடியது. சூழலியலாளர் வித்யா ஆத்ரேயாவும் அவருடைய குழுவும் 2011-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொல்கிறது. அதே குழு 2013-ல் அகோலே வட்டாரத்தைப் பற்றி இன்னொரு கட்டுரை எழுதியது. தலைப்பிலேயே ‘நம் கொல்லைப்புறங்களில் பெரும்பூனைகள்’ என்ற பொருள் வரும். அங்கே சொல்லிக்கொள்ளும்படியான காடு இல்லை, வயலும் கரும்பும்தான். சதுர கிலோமீட்டருக்கு 300-க்கும் மேற்பட்ட மனிதர்கள். அதே நிலத்தில் 100 சதுர கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 5 வளர்ந்த சிறுத்தைகள். எச்சத்தைச் சோதித்தால் அவற்றின் உணவில் எடைக் கணக்கில் 39 சதவீதம் நாய். அவை எங்கிருந்தும் புகவில்லை. அங்கேயே குட்டி போட்டு, அங்கேயே வளர்ந்து, நம் தெருநாய்களைத் தின்று வாழ்கின்றன.

நம் தலைமுறைக்கு இந்தப் பாடம் ஓரளவு தெரியும். அதனால் நாம் வேறொரு வாக்கியத்தைக் கையில் வைத்திருக்கிறோம்: “சிறுத்தை ஊருக்குள் வரல ப்ரோ, நாமதான் காட்டுக்குள்ள போயிட்டோம்.” கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதுவும் முதல் வாக்கியத்தின் அதே சோம்பேறித்தனம்தான். யார் இந்த ‘நாம்’? மும்பை ஆரே பகுதியில் பாடுகளில் வாழும் வார்லி மக்கள் எந்தக் காட்டுக்குள் ‘போனார்கள்’? நகரம் அவர்களைச் சுற்றி வளர்ந்தது என்பதுதானே உண்மை? இரண்டு வாக்கியங்களும் ‘நாம்’ என்று ஒரே ஒரு ஆள் இருப்பதாக நினைத்துக்கொள்கின்றன. அப்படி ஒருவர் இல்லை. கதவு உள்ளவர், கதவு இல்லாதவர் என்று குறைந்தது இரண்டு பேர் இருக்கிறார்கள். வேட்டை விலங்கோடு வாழ்வது பற்றிய எந்தப் படைப்பையும் நான் இப்போது இந்த ஒரு கேள்வியோடுதான் அணுகுகிறேன்: இந்தக் கதையில் கதவு யாரிடம் இருக்கிறது?

ஜிம் கார்பெட்டிடமிருந்தே தொடங்கலாம். ருத்ரபிரயாகையின் ஆட்கொல்லிச் சிறுத்தையைப் பற்றிய அவருடைய புத்தகத்தைச் சாகசக் கதையாகவே பெரும்பாலானோர் நினைவில் வைத்திருக்கிறார்கள். கேதார்நாத், பத்ரிநாத் யாத்திரைப் பாதை. அரசுக் கணக்குப்படி 1918 முதல் 1926 வரை 125 பேர் பலி. 1926 மே மாதத்தில் கடைசிக் குண்டு. ஆனால் புத்தகத்தின் தொடக்கப் பகுதியிலேயே ஒரு பையன் வருகிறான். வயது 14, அநாதை, தீண்டாமைக்கு உள்ளாக்கப்பட்ட சாதி. 40 ஆடுகளை மேய்ப்பது வேலை. இரவானால் சோறு போட்டு, ஆடுகளோடு சேர்த்து ஒரு சின்ன அறைக்குள் விட்டு, முதலாளி வெளியிலிருந்து சங்கிலியை மாட்டிவிடுவார். அறைக்கு ஜன்னல் கிடையாது. பையன் தன் பங்குக்கு உள்ளேயிருந்து ஒரு கல்லை உருட்டிக் கதவுக்கு முட்டுக் கொடுப்பான். முதலாளியின் அறை நேர் மேலே. ஒரு ராத்திரி சிறுத்தை அந்தக் கதவைத் திறந்துவிடுகிறது. 40 ஆடுகளில் ஒன்றின் மீதும் கீறல் இல்லை. பையன் மட்டும் இல்லை.

இந்த இடத்தில் கார்பெட் செய்வது கவனிக்க வேண்டிய விஷயம். பையன் சத்தம் கேட்காமல் தூங்கிப்போயிருப்பான், உதவி கேட்டுக் கூப்பிட்டிருக்க மாட்டான் என்று வைத்துக்கொள்வதே நல்லது என்கிற தொனியில் எழுதுகிறார். கூப்பிட்டிருந்தால்? மேலே இருந்தவருக்கும் அவனுக்கும் நடுவே ஒரு மெல்லிய பலகைதான். கார்பெட்டுக்கு எல்லாம் தெரிகிறது. சாதி தெரிகிறது, சங்கிலி எந்தப் பக்கம் இருந்தது என்று தெரிகிறது, கேளாக் காதுகள் யாருடையவை என்றும் தெரிகிறது. அவர் கண்ணால் பார்த்ததைப் போல அந்தக் காலத்து வெள்ளைக்காரர் பலர் பார்க்கவில்லை. ஆனால் புத்தகத்துக்கு வேட்டை நடந்தாக வேண்டும். ஒரு பக்கத்தோடு பையனை விட்டுவிட்டுக் கதை தடயத்தின் பின்னால் போய்விடுகிறது. கடைசியில் சிறுத்தை செத்துக் கிடக்கும்போது, அதன் குற்றம் இயற்கையின் சட்டத்துக்கு எதிரானதல்ல, மனிதச் சட்டத்துக்கு எதிரானது என்று அதற்காக வாதாடுகிறார். அருமையான இடம். ஆனால் அதே அளவு வாதம் பையனுக்குக் கிடைக்கவில்லை. அவனைக் கொன்றது சிறுத்தை. அவனை அதற்குக் கிடைக்கும்படி வைத்தது ஓர் ஊரின் ஏற்பாடு. அந்த ஏற்பாட்டைச் சுட துப்பாக்கி இல்லை.

ஏறக்குறைய 80 ஆண்டுகள் கழித்து அதே கட்வால் மலையில் ஒரு மானுடவியலாளர் போய் உட்காருகிறார். நயனிகா மாத்தூரின் ‘பேப்பர் டைகர்’ (2016) அரசு அலுவலகக் கோப்புகளைப் பற்றிய நூல். அதில் ஓர் அத்தியாயம் கோபேஷ்வர் என்ற சிறு நகரத்தை அச்சுறுத்திய சிறுத்தையைப் பற்றியது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கலெக்டர் நினைத்தால்கூட அதைச் சுட முடியாது. மாநிலத் தலைமை வனவிலங்குக் காப்பாளர் எழுத்தில் அனுமதி தர வேண்டும். காகிதம் மேலே போகிறது, கீழே வருகிறது. ஊர் இருட்டும் முன்பே அடங்கிவிடுகிறது. மாத்தூர் சிறுத்தையையும் திட்டவில்லை, சட்டத்தையும் திட்டவில்லை. காத்திருப்பதைப் பற்றி எழுதுகிறார். கார்பெட் ஒரு பக்கத்தில் கடந்துபோன இடத்தில் இவர் தங்குகிறார். துப்பாக்கி வெடிக்கும் ஓசையைவிட, யாருடைய பயத்துக்கு அரசு எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது என்பதுதான் இங்கே கதை. இலக்கியம் என்று நாம் எடுத்துக்கொள்ளாத புத்தகம் ஒன்று இலக்கியத்தின் வேலையைச் செய்திருக்கிறது.

அமித் மசூர்கரின் ‘ஷேர்னி’ (2021) திரைப்படத்தில் கதவுக்குப் பதில் மேய்ச்சல் நிலம். புலி இருக்கிறது, போகாதே என்கிறது வனத்துறை. மாட்டை எங்கே ஓட்டிப்போவது என்று கேட்கிறது ஊர். வித்யா பாலன் நடித்த அதிகாரி அந்தக் கேள்விக்குக் காது கொடுக்கிறார், அவ்வளவுதான் அவரால் முடிகிறது. புலியைப் படம் அதிகம் காட்டாதது நல்ல முடிவு. அதைக் காட்டக் காட்ட நாம் அதைக் காதலிக்க ஆரம்பித்துவிடுவோம், ஊர்க்காரர்கள் வில்லன்களாகிவிடுவார்கள். என் குறை, படம் முடியும்போது நம் மனதில் நிற்பது கண்ணாடிப் பெட்டிக்குள் பாடம்செய்யப்பட்ட விலங்குகள் என்பதுதான். மாட்டுக்காரர்கள் எங்கே போனார்கள் என்று படமும் கேட்கவில்லை, நாமும் கேட்பதில்லை.

இனி, நம்மில் பலர் பகிர்ந்திருக்கும் புகைப்படம். நயன் கானோல்கர் ஆரேயில் எடுத்தது. 2016-ல் ஆண்டின் சிறந்த காட்டுயிர் ஒளிப்படக்காரர் போட்டியில் நகர்ப்புறப் பிரிவில் வென்றது. வீட்டுச் சுவர்களுக்கு நடுவே குறுகிய சந்து, அதில் வீடு திரும்பும் ஆளைப் போல ஒரு சிறுத்தை. அலட்டல் இல்லாத, அழகான படம். ‘புகுந்தது’ என்ற சொல்லை இந்த ஒரு படமே பொய்யாக்கிவிடுகிறது. வார்லி மக்களின் வாகோபா தெய்வத்தையும் சேர்த்துப் போட்டு, “பாருங்க, அவங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்ல” என்று எழுதுகிறோம். இங்கேதான் எனக்கு இடிக்கிறது. வாகோபா வழிபாடு ‘பிரச்சினை இல்லை’ என்ற அறிவிப்பு அல்ல. ஆண்டுதோறும் காணிக்கை வைத்து, எங்களையும் எங்கள் ஆடுமாட்டையும் காப்பாற்று என்று கேட்கும் ஏற்பாடு அது. பயமே இல்லாதவர்கள் எதற்குக் காப்புக் கேட்கப்போகிறார்கள்? 2022 அக்டோபரில் இதே ஆரேயில் ஒன்றரை வயதுகூட நிறையாத குழந்தையைச் சிறுத்தை கொன்றது. சந்தின் அழகைப் பகிர்ந்த நாம், சந்தில் ஏன் விளக்கில்லை என்று கேட்டோமா?

மென்பொருளில் எச்சரிக்கை அமைப்பு எழுதுபவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். இரண்டு வகைத் தவறு உண்டு: ஆபத்து இல்லாதபோது மணி அடிப்பது, ஆபத்து இருக்கும்போது அடிக்காமல் விடுவது. ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும். எங்கே கோடு போடுவது என்பது கணக்கு போலத் தெரியும், ஆனால் கணக்கு அல்ல. எந்தத் தவறின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. சகவாழ்வு பற்றிய நம் எழுத்தில் பெரும்பாலும் கோடு போடுபவர் ஒருவர், விலை கொடுப்பவர் இன்னொருவர்.

இதனால் சகவாழ்வு பொய் என்று சொல்ல வரவில்லை. சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் பரப்பு 104 சதுர கிலோமீட்டர். அதைச் சுற்றி மும்பை. 2004-ல் அங்கே அடுத்தடுத்து உயிர்ப்பலிகள். பிற்பாடு வனத்துறையும் தன்னார்வலர்களும் பரப்பிய யோசனைகள் ரொம்பச் சாதாரணமானவை: குப்பையை அகற்று, நாய் குறையும், விளக்குப் போடு, இருட்டில் தனியாக வெளியே போகாதே, குழந்தையைத் தனியே விடாதே. யோசனைகள் சரியானவை. ஆனால் ஒவ்வொன்றையும் படித்துவிட்டு யார் செய்ய முடியும் என்று பாருங்கள். அடுக்குமாடியில் குப்பை வண்டி தினமும் வருகிறது. வீட்டுக்குள் கழிப்பறை இருப்பவர் இருட்டில் வெளியே போகத் தேவையில்லை. இல்லாதவருக்கு ‘போகாதே’ என்பது அறிவுரையா, கிண்டலா?

சிறுத்தைக்கு நம் கதைகளில் நல்ல இடம் கிடைத்துவிட்டது. வேட்டைக்காரருக்கு எப்போதோ கிடைத்தது. விஞ்ஞானிக்கும் அதிகாரிக்கும் சினிமாவே வந்தாயிற்று. ஆட்டுக் கொட்டடியில் படுத்திருந்த பையனை மையமாக வைத்து ஒரு நாவல் இன்னும் நான் படிக்கவில்லை. அதில் சிறுத்தை ஒரே ஒரு முறை வந்தால் போதும். மற்ற எல்லா இரவுகளிலும் வெளியே சங்கிலி மாட்டப்படும் சத்தத்தையும், உள்ளே கல் உருளும் சத்தத்தையும் எழுதினால் போதும்.