டாப் ஸ்டேஷன்

மலையடிவாரக் குரங்கணியிலிருந்து அண்ணாந்து பார்த்தால், மேகம் விலகும் நேரத்தில் டாப் ஸ்டேஷன் முகடு தெரியும். மூணாறிலிருந்து குண்டளை வழியாக அங்கே குட்டி ரயில் ஓடியது. 1908 முதல் இரண்டடி அகலத் தண்டவாளம். அதைவிட எனக்கு வியப்பு, ரயில் மேலே வந்து நின்ற பிறகு நடந்த வேலைதான். தேயிலை அடைத்த மரப்பெட்டிகள் ரோப்வேயில் தொங்கியபடி செங்குத்துச் சரிவில் கொட்டகுடிக்கு இறங்கும். அங்கிருந்து மாட்டுவண்டியில் போடி. பிறகு தூத்துக்குடி, கப்பல், சீமை. இன்ஜின் இறங்க முடியாத மலையைக் கம்பிவடத்தால் கடந்த அந்த யோசனை எத்தனை அழகு!

1924 பெருவெள்ளம் தண்டவாளத்தை அடித்துக்கொண்டு போனது. திரும்பப் போடவே இல்லை. நான்கே ஆண்டில், 1928இல், மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தபோது மேலே வண்டியில்லை. கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா அந்த மழை என்று மனசு அடித்துக்கொள்கிறது.

இன்று டாப் ஸ்டேஷனில் டீக்கடைகள், காட்சிமுனை, மூணாறிலிருந்து வரும் சுற்றுலா வண்டிகள். பள்ளத்தாக்கை மட்டும் பார்த்துத் திரும்பாமல், ரோப்வேயின் மிச்சங்களையும் தேடிப் பாருங்கள். ரயிலின் சக்கரம் ஒன்று மூணாறு தேயிலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.