தமையன் கேட்ட மன்னிப்பு
நத்தார் நகைச்சுவைப் படமொன்றின் தொடர்ச்சி குறித்துச் சில அவதானிப்புகள்

குடும்பத்தினர் அனைவரும் ஒருங்கிருந்து பார்த்து மகிழ்தற்பொருட்டு எடுக்கப்படும் நத்தார்காலத் திரைப்படங்களைத் திறனாய்வுக்குரியனவாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே பெரிதும் இல்லை. அவை சிரித்துவிட்டு மறந்துவிடுதற்குரியன என்பதே கற்றோர் பலரின் எண்ணம். ஆயின், ஒரு சமூகம் தன்னைப் பற்றி வெளிப்படையாகக் கூறத் தயங்குவனவற்றை அதன் விளையாட்டுக் கதைகள் பல சமயங்களிற் கூறிவிடுகின்றன. 1992ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஹோம் அலோன் 2: லொஸ்ட் இன் நியூயோர்க்’ என்னும் அமெரிக்கப் படம் அத்தகையது. தனித்து விடப்பட்ட சிறுவனொருவன் இரு திருடரை வெல்லுங் கதை என்றே அது பொதுவாக நினைவுகூரப்படுகின்றது. கூர்ந்து நோக்குமிடத்து அது தமையனுக்கும் தம்பிக்குமிடையே தீர்க்கப்படாத ஒரு வழக்கின் கதையாகும். அவ்வழக்கை நாம் மறந்துவிடும் பொருட்டே திருடர் கொண்டுவரப்படுகின்றனர் என்று கூறினும் பிழையாகாது.

ஜோன் ஹியூஸ் எழுதித் தயாரித்து, கிறிஸ் கொலம்பஸ் நெறியாள்கை செய்த முதற்படம் 1990இல் வெளிவந்தது. ஏறத்தாழ 1 கோடி 80 இலட்சம் டொலர் செலவில் உருவான அப்படம் உலகெங்கும் 47 கோடி டொலருக்கு மேல் ஈட்டியது. இவ்வாறானதொரு வெற்றியின் பின்னர்த் தொடர்ச்சி பிறவாதிருக்குமாயின் அதுவே வியப்பாகும். அதே எழுத்தாளர், அதே நெறியாளர், அதே நடிகர்களைக் கொண்டு, அதே கதையை ஊர் மாற்றிச் சொல்வதே இரண்டாவது படத்தின் உபாயம். முதற்படத்திற் சிக்காகோப் புறநகர் வீடு. இரண்டாவதில் நியூயோர்க் மாநகர். முன்னதிற் குடும்பம் பாரிசுக்குச் செல்கின்றது, பின்னதிற் புளோரிடாவுக்கு. இரண்டிலும் கெவின் என்னும் கடைக்குட்டி பயணத்துக்கு முந்திய இரவில் தமையனுடன் மோதுகிறான், தண்டனையாக மேன்மாடத்துக்கு அனுப்பப்படுகிறான், குடும்பமே இல்லாதிருந்தால் நன்றெனத் தாயிடங் கூறுகிறான், கூறியவாறே நடக்கின்றது.

இக்கூறியது கூறலை விமர்சகர் பலர் அன்று குறையாகவே கண்டனர். வணிக நோக்கிலன்றி வேறெந்த நோக்கிலும் அது நேர்ந்ததென்று வாதிட யான் முன்வரவில்லை. எனினும் ஒன்று கூறல் வேண்டும். உடன்பிறந்தார் பூசல் இயல்பிலேயே திரும்பத் திரும்ப நிகழ்வது. ஆண்டு முழுவதும் ஒருவரையொருவர் தவிர்த்து வாழக்கூடியவர்கள் பண்டிகை நாளில் ஒரே மேசையைச் சுற்றி அமர நேர்கையில், சென்ற ஆண்டு நிறுத்திய இடத்திலிருந்தே சண்டை மீளத் தொடங்குகின்றது. முதற்படத்தின் இறுதியில் இணக்கங் கண்டவர்போற் காட்டப்பட்ட அண்ணனுந் தம்பியும் அடுத்த நத்தாருக்குள் பழைய நிலைக்கே வந்துவிட்டனர் என்பது தொடர்ச்சிப் படத்தின் கட்டாயத்தால் விளைந்ததேயாயினும், வாழ்க்கைக்கு அது பொருந்துகின்றது. வணிகம் தான் அறியாமலே ஓர் உண்மையைத் தொட்டுவிடுகின்றது.

படத்தின் மிகச் சிறந்த பகுதி அதன் தொடக்கத்திலேயே அமைந்துவிடுகின்றது. பாடசாலை நத்தார் இசைநிகழ்ச்சி. கெவின் முன்னே நின்று தனித்துப் பாடுகிறான். அவனுக்குப் பின்வரிசையில் நிற்கும் தமையன் பஸ், கையிலிருந்த மின்மெழுகுதிரிகளைத் தம்பியின் காதுகளுக்குப் பின்னாற் பிடித்து ஒளிரச் செய்து, பின்பு அவன் தலையையே மேளமாக்கி வாசிப்பதுபோல் அபிநயிக்கிறான். மண்டபம் சிரிக்கின்றது. பாடுபவனுக்கு எதற்காகச் சிரிக்கிறார்கள் என்று தெரியவில்லை. தெரிந்ததும் திரும்பித் தமையனை அடிக்கிறான். பின்வரிசை முழுவதுஞ் சரிகின்றது.

தொல்காப்பியர் நகைக்கு நிலைக்களனாகக் கூறும் நான்கனுள் எள்ளல் ஒன்று. அதனை உரைகாரர் இருவகையாக விரிப்பர்: பிறரைத் தான் எள்ளி நகுவது ஒன்று, தன்னைப் பிறர் எள்ளும்போது தானும் நகுவது மற்றையது. இரண்டாவது வகையே குடும்பங்கள் இளையவனிடம் எதிர்பார்ப்பது. ‘விளையாட்டுக்குத்தானே செய்தான், நீயுஞ் சிரித்துவிட்டுப் போ’ என்பது எந்த மொழி பேசும் வீட்டிலுங் கேட்கக்கூடிய தீர்ப்பு. கெவின் சிரிக்க மறுக்கிறான். அவன் செய்த குற்றம் அடித்தது மாத்திரமன்று. நகையிற் பங்குகொள்ள மறுத்ததுமாகும். இங்கு நாமுங் குற்றத்தினின்று நீங்கியவரல்லர். மண்டபத்திலிருந்தோர் சிரிக்கும்போது திரைக்கு முன்னிருக்கும் நாமுஞ் சிரித்துவிடுகிறோம். அக்காட்சியை நெறியாளர் அவ்வாறே அமைத்துள்ளார்: தம்பியின் முகத்தையும் தமையனின் கைகளையும் ஒரே சட்டத்துட் காண்பவர் நாம்; தம்பி காண்பதில்லை. தமையனின் கூட்டாளிகளாகவே படத்துள் நுழைகின்றோம். (இதனை எழுதுபவனும் உடன்பிறந்தார் ஐவருள் இளையவன் என்பதை வாசகர் கணக்கிலெடுத்துக்கொள்ளலாம். அவனும் முதன்முறை பார்த்தபோது சிரித்தான்.)

அடுத்து வருவது விசாரணை. வீட்டுக் கூடத்திற் பெற்றோரும் உறவினரும் சூழ்ந்திருக்க, தமையன் எழுந்து மன்னிப்புக் கேட்கிறான். தன் செயல் முதிர்ச்சியற்றதென்றும் தாய்க்கும் தம்பிக்கும் துன்பம் விளைத்ததென்றும் நயம்படப் பேசுகிறான். சபையோர் உளங்குளிர்கின்றனர். பின்னர் தம்பிக்கு மாத்திரம் கேட்குமாறு ஓர் இழிசொல்லைக் காதோடு சொல்கிறான். இனித் தம்பியின் முறை. அவனோ மன்னிப்புக் கேட்க மறுத்துவிடுகிறான். தன்னைப் பலர் முன்னிலையில் அவமதித்ததாலேயே அடித்ததாகவும், தமையனின் பொய்யை நம்புமளவுக்கு நீங்கள் மதியற்றவர்களாயின் உங்கள் புளோரிடாப் பயணம் கெட்டாலும் எனக்குக் கவலையில்லையெனவும் கூறி மாடியேறுகிறான்.

படம் முழுவதிலும் ஒரு பாத்திரம் வாய்திறந்து பேசும் முழு உண்மை இதுவொன்றே என்பது என் துணிபு. பெற்றோர் கொடியவரல்லர். கத்தரின் ஒஹாராவின் தாயும் ஜோன் ஹேர்டின் தந்தையும் அன்புடையோராகவே நடிக்கப்பட்டுள்ளனர். அவர்களது பிழை நுட்பமானது. அடித்தவனையும் அவமதித்தவனையும் ஒரே தட்டில் வைத்து, இருவரும் ஒரே சொல்லைச் சொல்லிவிட்டால் வழக்கு முடிந்தது எனக் கொள்கின்றனர். அவர்களுக்கு வேண்டியது மன்னிப்பின் வடிவம். அவ்வடிவத்தைத் தமையன் நன்கு கற்றிருக்கிறான். தம்பி இன்னுங் கற்கவில்லை. நீதி என்பது சொற்றிறன் கைவரப்பெற்றவனுக்குக் கிடைப்பதாக ஆகிவிடுகின்றது.

இங்குத் திறனாய்வாளர் பெரும்பாலுங் கவனியாது விடும் ஒரு செய்தியையுஞ் சுட்டுதல் பொருத்தமானது. இப்படத்திற் சிறுவர் மட்டுமே உடன்பிறந்தாரல்லர். கூடத்திலிருக்கும் பிராங்க் என்பவர் தந்தையின் சகோதரர். நியூயோர்க்கில் வீடுடைய ரொப் இன்னொரு சகோதரர். பிராங்க் தமது சகோதரர் செலவிற் பயணஞ் செய்பவர். பயணத்தைக் கெடுத்துவிடாதே, உன் தந்தை நல்ல பணங் கொடுத்துள்ளார் என்று சிறுவனையே எச்சரிப்பவர். சிறுவன் அவரது கருமித்தனத்தைச் சுட்டிப் பதிலிறுக்கின்றான். ரொப்போ பாரிசில் வசிப்பவர். முதற்படத்தில் முழுக் குடும்பத்தையுந் தம் செலவிலே அழைத்தவர். இரண்டாவதிற் கண்ணுக்கே தோன்றாதவர். ஒருவர் கொடுப்பார், ஒருவர் பெறுவார், ஒருவர் தூரத்திலிருப்பார். வளர்ந்தபின் உடன்பிறப்பு எவ்வாறாகின்றது என்பதற்கு இதனிலும் சுருக்கமான சித்திரம் வேண்டியதில்லை. ஹியூஸ் இதனை வேண்டுமென்றே வரைந்தாரோ, நகைச்சுவைக்கு ஒரு கருமி தேவை என்றதனால் வரைந்தாரோ அறியோம். எவ்வாறாயினும் பஸ்ஸும் கெவினும் முப்பது ஆண்டுகளின் பின் எவ்வாறிருப்பர் என்பதற்கான விடை அதே கூடத்திலே அமர்ந்திருக்கின்றது.

விமான நிலையத்திற் சிறுவன் தந்தையின் மேலங்கியை ஒத்த அங்கியணிந்த வேறொருவரைப் பின்தொடர்ந்து நியூயோர்க் விமானத்தில் ஏறிவிடுவதும், தந்தையின் கடனட்டையைக் கொண்டு பிளாசா விடுதியில் அரசகுமாரன்போற் தங்குவதும் விரித்துரைக்க வேண்டியனவல்ல. டிம் கறி நடித்த விடுதிப் பணியாளரின் புன்னகையொன்றே அப்பகுதியிற் தங்கும் நினைவு. சிறையினின்று தப்பிய அதே திருடர் இருவர், விளையாட்டுப்பொருட் கடையொன்றிலிருந்து சிறுவர் மருத்துவமனைக்குச் செல்லவேண்டிய பணத்தைக் கவரத் திட்டமிடுகின்றனர். சிறுவன் அவர்களை ரொப்பின் வெறுமையான, திருத்தவேலை நடைபெறும் வீட்டுக்கு இழுத்து வருகிறான். கூரையிலிருந்து செங்கற்கள் வீசப்படுகின்றன. மண்ணெண்ணெயிற் தோய்த்த கயிறு தீமூட்டப்படுகின்றது.

ஜோ பெஷியும் டானியல் ஸ்ரேணும் உடலால் நிகழ்த்தும் இந்நகைச்சுவையின் தொழிற்றிறனை மறுப்பதற்கில்லை. மௌனப்பட மரபினது தொடர்ச்சி அது. ஆயின் முதற்பகுதியை மனத்திருத்தி இதனைப் பார்ப்பவர்க்கு ஒரு வினா எழும். மேடையிலே தமையனை ஒரேயொரு அடி அடித்த சிறுவன் விசாரணைக்குட்பட்டுத் தண்டிக்கப்பட்டான். வளர்ந்த இருவரின் தலையிற் கல்லெறியும்போது அவனே வீரன். அடிக்கும் கை ஒன்றே, அடிபடுவோரே மாறினர். வீட்டினுள் வெளிப்பட அனுமதிக்கப்படாத சினம், அடித்தாற் குற்றமில்லாதவர்மேல், குடும்பத்தவர் எவருங் காணாத ஓர் இரவில் கொட்டித் தீர்க்கப்படுகின்றது. அதுவும் தந்தையின் சகோதரரது வீட்டில். முதற்படத்திற் சிறுவன் காத்தது தன் வீட்டை. அதனால் அங்கு வன்செயலுக்கு ஒரு காரணமிருந்தது. இங்குக் காக்கவேண்டிய வீடு இல்லை. எஞ்சியிருப்பது சினம் மட்டுமே. இரண்டாவது படத்தின் அடிதடி முதற்படத்தினதைவிடக் கடுமையாயிருப்பதற்குத் தொடர்ச்சிப் படங்கள் அனைத்தையும் பெருக்கிக் காட்டும் வழக்கம் மாத்திரமே காரணமென எனக்குத் தோன்றவில்லை.

முதற்படத்தினின்று இது தாழ்ந்து நிற்கும் இடமும் சிறுவனின் துணைப் பாத்திரத்திலேயே உள்ளது. அங்கு அயலில் வாழ்ந்த முதியவர் மார்லி தம் மகனோடு மனம்வேறுபட்டிருந்தவர். தேவாலயத்தில் அவருக்குஞ் சிறுவனுக்குமிடையே நிகழும் உரையாடல், குடும்பத்துள் உடைந்ததை யார் முதலில் ஒட்டுவது என்ற வினாவை நேரே எழுப்பியது. இறுதியில் யன்னலூடே அவர் மகனைத் தழுவுவதைச் சிறுவன் காண்கிறான். தொடர்ச்சியில் அவரிடத்தைப் பெறுபவர் சென்ரல் பூங்காவிற் புறாக்களிடையே வாழும் தனித்த பெண். பிரெண்டா பிரிக்கர் அப்பாத்திரத்துக்கு அளித்துள்ள அமைதி பாராட்டத்தக்கது. எனினும் அவரது துயரம் காதலில் ஏமாந்த துயரம். உடன்பிறப்போடு அதற்குத் தொடர்பில்லை. கண்ணாடியாயிருக்கவேண்டிய பாத்திரம் வெறும் அலங்காரமாகிவிடுகின்றது.

கடைக்காரர் கெவினுக்கு இரு புறா வடிவ அணிகளைக் கொடுத்து, ஒன்றைத் தன்னிடம் வைத்து மற்றையதை மனத்துக்கு நெருங்கியவருக்குக் கொடுக்கும்படி கூறுகிறார். இரண்டும் பிரிந்திருக்கும்வரை நட்பும் நிலைக்கும் என்பது கருத்து. இப்படத்தின் முதற் காட்சிகளைப் பார்த்தவர், இரண்டாவது புறா எவருக்குப் போகவேண்டுமென்பதை உடனே உணர்ந்துகொள்வர். அது அங்குப் போவதில்லை. பூங்காப் பெண்ணிடஞ் செல்கின்றது. அச்செயல் அழகானதே; ஆனால் கதை தன் கையிற் கொடுக்கப்பட்ட மிகப்பெரிய வாய்ப்பை அவ்விடத்தில் நழுவவிடுகின்றது. அந்நியரோடு அன்பு பாராட்டுதல் எளிது. ஓர் இரவு பேசிப் பிரிந்தவரிடம் பழைய கணக்கு எதுவுமில்லை. தமையனிடம் அந்தப் புறாவை நீட்டுவதற்கு எத்துணைத் துணிவு வேண்டியிருந்திருக்கும் என்பதைப் படம் அறியாதிருக்க முடியாது. அறிந்தே விலகிச் செல்கின்றது என்று கருதவே தோன்றுகின்றது.

ரொக்பெல்லர் நிலையத்து மாபெரும் நத்தார் மரத்தின் கீழ்ச் சிறுவன் வேண்டுகிறான்: குடும்பத்தார் தன்னைப் பற்றிக் கூறியவற்றை மீளப்பெறாவிடினும், தான் அவர்களைக் கூறிய யாவற்றையும் மீளப்பெறுவதாகவும், தமையன் உட்பட அனைவரையும் நேசிப்பதாகவும், தாயைக் காணவேண்டுமெனவும். தாய் வந்துவிடுகிறாள். மக்கோலி கல்கின் இக்காட்சியில் மிகையின்றி நடித்திருக்கிறார். கண் கலங்காதவர் அரியர். கலங்கிய கண்ணைத் துடைத்தபின் அவ்வேண்டுதலின் உள்ளடக்கத்தை நோக்குவோமாயின், அவமதிக்கப்பட்டவன் தன் சொல்லை மீளப்பெறுகிறான், அவமதித்தவனிடமிருந்து எதுவுங் கோரப்படவில்லை என்பது புலனாகும். கூடத்தில் அவன் மறுத்த மன்னிப்பு, தனிமையும் அச்சமும் அவனிடமிருந்து பெற்றுக்கொண்ட மன்னிப்பாக இங்கு வந்துசேர்கின்றது.

மறுநாட் காலை விடுதியறை நிறையக் கடைக்காரர் அனுப்பிய பரிசுகள். தமையன் எழுந்து பேசுகிறான். கெவின் மறுபடியுந் தவறு செய்திராவிடில் இவ்வறையும் இப்பொருள்களும் நமக்குக் கிட்டியிரா, ஆகவே முதற் பரிசை அவனே பிரிப்பது நியாயம், அடுத்தது நான். இதுவே படம் நமக்களிக்கும் இணக்கம். இசைநிகழ்ச்சியைப் பற்றி ஒரு சொல்லுமில்லை. பிழை தம்பியினதாகவே இன்னும் இருக்கின்றது. அது இலாபகரமான பிழையாகிவிட்டமையால் மன்னிக்கப்படுகின்றது. கூடத்தில் நிகழ்த்திய மன்னிப்புப் பேச்சும் இப்பேச்சும் ஒரே நாவினின்று, ஒரே தொனியில், ஒரே சபைமுன் எழுகின்றன. டெவின் ராட்ரே என்னும் இளைஞர் இவ்விரு பேச்சுகளுக்குமிடையே எந்த வேறுபாட்டையுங் காட்டாது நடித்திருப்பதே இப்படத்தின் நடிப்புகளுள் மிக நுண்ணியதென்பேன்.

படம் இவ்வளவில் நின்றிருந்தால் அதனைப் பொய்யான இணக்கமென்று தள்ளிவிடலாம். ஆனால் இன்னும் ஒரு நிமிடம் எஞ்சியிருக்கின்றது. விடுதிப் பணியாளன் கணக்குச் சீட்டைக் கொண்டுவந்து தமையனின் கையிற் கொடுக்கிறான். அவன் அதைப் படித்து, தந்தையை இழுத்து அழைக்கிறான். அறைக்கு வரவழைத்த உணவுக்கு மாத்திரம் 967 டொலர். தம்பி அவ்வேளை அறையில் இல்லை; தெருவுக்கப்பால், பனிபடர்ந்த பூங்காவில், புறாக்காரியிடம் தன் அணியைக் கொடுத்துவிட்டு நிற்கிறான். தந்தையின் கூக்குரல் அங்கும் வந்து எட்டுகின்றது.