வணிகப் பாதையும் விளையாட்டு வரைபடமும்

வரைபடம் என்பது நிலத்தின் உருவம் மட்டுமன்று. நிலத்தைப் பற்றி ஒருவர் கொண்ட கருத்தின் உருவமுமாகும். எதனை வரைவது, எதனை விடுவது என்று முடிவு செய்யும்பொழுதே வரைபவர் தம் தீர்ப்பையும் வழங்கிவிடுகின்றார். இவ்வுண்மை பழைய நிலப்படங்களுக்குப் பொருந்துவது போலவே, இன்று நம் மாணவர் கணினியில் ஆடும் போர்த்தந்திர விளையாட்டுக்களின் படங்களுக்கும் பொருந்தும். அவ்விளையாட்டுக்கள் வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கத்தக்கன அல்ல. திம்பக்து எங்குளது, சமர்க்கந்து எங்குளது என்பதை இளைஞர் பலர் பாடநூலினும் முன்பாக அவற்றின் வாயிலாகவே அறிகின்றனர். ஆதலின் அவை புகட்டும் வரலாறு எத்தகையது என ஆராய்தல் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் கடனாகும். ஈண்டு இடைக்காலப் பாலைவன வணிகப் பாதைகளை அவை காட்டும் முறையை மட்டும் எடுத்துக்கொண்டு, பதுளையில் உள்ள ஒரு கல்லையே உரைகல்லாக வைத்து நோக்குவோம்.

முதற்கண் அவ்விளையாட்டுக்களின் இயல்பைக் கூறுதல் வேண்டும். 1999 இல் வெளிவந்த 'ஏஜ் ஒவ் எம்பயர்ஸ்' இரண்டாம் பகுதியில் வணிக வண்டி இரு சந்தைகளுக்கிடையே சென்று மீள்கின்றது. சந்தைகளுக்கிடையே தொலைவு மிகுந்தோறும் கிடைக்கும் பொன்னும் மிகும். 2013 இல் வெளிவந்த 'யூரோப்பா யூனிவர்சாலிஸ்' நான்காம் பகுதியில் உலகம் பல வணிக மையங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. செல்வம் ஒரு மையத்திலிருந்து மற்றொன்றுக்கு அம்புக்குறி காட்டும் திசையில் மட்டுமே பாயும். அம்புகள் சென்று முடியும் இடங்களோ ஆங்கிலக் கால்வாய், செனோவா, வெனிசு என்னும் மூன்றே. 'குரூசேடர் கிங்ஸ்' இரண்டாம் பகுதிக்கு 2015 இல் வந்த சேர்க்கையொன்று, பட்டுப்பாதையை மாகாணம் மாகாணமாகத் தொடுத்துக் காட்டியது. வழியிற் போர் நேர்ந்தால் வணிகம் வேறு வழியே திரும்பும் என்றும் அமைத்தது.

இவற்றின் சிறப்பை மறுத்தல் நேர்மையாகாது. தொலைவே பண்டத்திற்கு விலை தருகின்றது என்பதை முதலாவது உணர்த்துகின்றது. கடல் கடந்த நாடுகளும் ஒரே வணிக வலையிற் பிணைந்தவை என்பதை இரண்டாவது காட்டுகின்றது. பாதை என்பது நிலையான பொருளன்று, அச்சம் தோன்றினால் இடம்பெயர்வது என்பதை மூன்றாவது அறிவுறுத்துகின்றது. ஆயினும் இம்மூன்றற்கும் பொதுவான குறையொன்று உண்டு. இவற்றில் பாதை ஒரு கோடு. அக்கோடு வருவாயின் ஊற்று. நீர் எங்கே, பொதி சுமக்கும் விலங்கு எது, எந்தத் திங்களிற் புறப்படுவது, வழிகாட்டி யார், சுங்கம் எதன்மேல் விதிக்கத்தக்கது என்னும் வினாக்கள் அக்கோட்டினுள் மறைந்துபோகின்றன.

பாலைவனத்தை நேரிற் கடந்த ஒருவர் கூற்று இவ்விடத்து உதவும். மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இபின் பதூதா 1344 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து, ஆரியச் சக்கரவர்த்தியால் வரவேற்கப்பெற்றுச் சிவனொளிபாத மலையையும் தரிசித்தவர். அவரே 1352 இல் சிசில்மாசாவிலிருந்து வணிகர் கூட்டத்துடன் சகாராவைக் கடந்தார். இருபத்தைந்து நாள் நடந்து அவர்கள் அடைந்த தகாசா என்னும் ஊரில் வீடுகளும் பள்ளிவாசலும் உப்புப் பாளங்களாற் கட்டப்பட்டிருந்தன. ஒட்டகத் தோலே கூரை. அதற்கப்பால் வலாத்தாவை நோக்கிய வழியில் 'தக்சீபு' எனப்படும் தூதன் ஒருவன் தனியே முன் சென்று, அவ்வூரார் நான்கு நாள் வழி எதிர்கொண்டு நீர் கொணருமாறு செய்வான். அவனுக்குக் கூலி நூறு மித்கால் பொன். அவன் வழியில் மாண்டால் கூட்டம் முழுவதும் மாள நேரலாம். நூறு மித்கால் பொன்னை ஒரு தனி மனிதனின் வழியறிவுக்குக் கொடுத்த வணிகத்தை, இரு நகரங்களை இணைக்கும் ஒரு கோடு எங்ஙனம் காட்டவல்லது?

தமிழ் மரபும் இதற்கு இயைந்ததே. உப்பு விற்ற உமணர் நெடுவழி செல்லும்போது, அச்சு முறிந்தால் மாற்றுதற்கு வண்டியின் கீழ்ச் சேம அச்சொன்றைக் கட்டிச் செல்வர் எனப் புறநானூறு அறிவிக்கின்றது. மிளகுப் பொதி சுமந்த கழுதைகள் செல்லும் வழியில் சுங்கச் சாவடியையும், வில்லேந்திய காவலரையும் பெரும்பாணாற்றுப்படை காட்டுகின்றது. மேலும், பாலை என்பது நம் முன்னோர்க்குத் தனி நிலமன்று. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் திரிந்தபோது எய்தும் நிலையே பாலை. காலம் மாறினால் அந்நிலமும் மாறும். விளையாட்டு வரைபடமோ பாலைவனத்தின் பெரும்பகுதியைப் புகமுடியாத தரிசு என்று ஒரே வண்ணம் பூசி, ஆண்டு முழுவதும் அவ்வாறே வைத்திருக்கின்றது.

நிற்க. இனி நம் ஊவாவுக்கு வருவோம். இங்குச் சகாரா இல்லை. ஆயினும் பாலைவன வணிகத்தின் உயிர்நிலைகளான உப்பு, நீர், சுங்கம் மூன்றும் இங்கும் உண்டு. மலைநாட்டில் உப்பு விளையாது. அம்பாந்தோட்டைக் கரையின் உப்பு வாவிகளிலிருந்தும் மட்டக்களப்புக் கரையிலிருந்தும் உப்பும் கருவாடும் பொதிமாடுகளின் மேலேறி, வெல்லசையின் வறண்ட தாழ்நிலத்தைக் கடந்து மலைக்கு வந்தன. பாக்கு முதலியன மீண்டு சென்றன. வாவியில் உப்பு விளைவதற்கு வெயில் வேண்டும். அவ்வெயிற் காலமோ வழியிலுள்ள ஓடைகள் வற்றுங் காலம். ஆகவே பண்டம் கிடைக்கும் பருவமும் வழி கடினமாகும் பருவமும் ஒன்றாயின. பொதிமாட்டு நிரையைச் சிங்களர் 'தவலம' என்பர். தமிழில் 'தாவளம்' என்பது தங்குமிடம். இவ்விரு சொற்களின் ஒலியொப்புமை எங்ஙனமாயினும், நடையும் தங்கலும் சேர்ந்ததே பாதை என்பது தெளிவு.

இப்பாதைகளின் சட்டம் எத்தகையது என்பதைப் பதுளைத் தூண் கல்வெட்டு கூறுகின்றது. மகியங்கனைக்கு அருகில் சொரபொர வாவிப் பக்கத்தில் நின்ற இத்தூண் 19 ஆம் நூற்றாண்டிற் பதுளைக்குக் கொண்டுவரப்பட்டது. பத்தாம் நூற்றாண்டில் உதயன் என்னும் சிங்கள மன்னன் மகியங்கனைக்கு வந்தபோது, ஓப்பிட்டிகம என்னும் சந்தையூரின் வணிகரும் குடிகளும், அதிகாரிகள் முறைகேடாகப் பொருள் பறிக்கின்றனர் என முறையிட்டனர். மன்னன் வழங்கிய கட்டளையே கல்லிற் பொறிக்கப்பட்டது. ஊரில் விற்கும் பண்டத்திற்கே சுங்கம்; ஊர் வழியே கடந்து செல்லும் பண்டத்திற்குச் சுங்கம் இல்லை. வெற்றிலையும் பாக்கும் உரிய இடத்திலன்றி விற்றலாகாது. முத்திரையிடாத அளவைகளைக் கையாளலாகாது. போயா நாளிற் கடை திறந்தோர் மகியங்கனை விகாரையின் விளக்கிற்கு எண்ணெய் தண்டமாக இறுத்தல் வேண்டும்.

இக்கட்டளையை மேற்கூறிய விளையாட்டுக்களோடு ஒப்பிட்டால் உண்மை விளங்கும். அவற்றுள் ஒரு பாதை தன் மாகாணத்தின் வழியே செல்வதே அரசனுக்கு வருவாய். ஆடுபவன் பாதையைக் கைப்பற்றுவதும் அதற்காகவே. பதுளைத் தூணோ கடந்து செல்லும் பண்டத்தைத் தொடாதே என அதிகாரியைத் தடுக்கின்றது. அங்கே வணிகன் அரசனுடைய பணப்பை. இங்கே வணிகன் அரசனிடம் முறையிடும் உரிமையுடைய குடி. எந்த ஊர் எந்த இடத்தில் உள்ளது என்பதில் விளையாட்டு பிழை செய்யாதிருக்கலாம். ஆனால் அரசுக்கும் வழிப்போக்கனுக்கும் இடையே இருந்த உறவைத் தலைகீழாகக் காட்டுமாயின், அப்படத்தைச் சரியானது என்று எவ்வாறு கூறுவது?

பாதையின் ஆட்சி எத்துணை நுண்ணியது என்பதற்குப் பிற்காலச் சான்றும் ஊவாவிலேயே உண்டு. 1815 இல் கண்டி இராச்சியத்தைப் பெற்ற ஆங்கிலேயர், 1817 இல் வெல்லசையின் முஸ்லிம் மக்கள்மேல் அவர்களுள் ஒருவரையே தனி முகாந்திரமாக நியமித்தனர். பொதிமாட்டு வணிகம் பெரிதும் அம்மக்கள் கையிலேயே இருந்தது. மரபான தலைவரின் அதிகாரத்தை இந்நியமனம் குறைத்தமை, 1817-18 ஆம் ஆண்டுகளின் ஊவாக் கிளர்ச்சிக்கு ஏதுக்களுள் ஒன்றாக எண்ணப்படுகின்றது. விளையாட்டில் அதிகாரியை மாற்றுதல் ஒரு விரலசைவு. வெல்லசையில் அதன் விளைவாக எரிந்த ஊர்களும் அழிந்த வயல்களும் பல.

தோட்டங்களிலிருந்து வந்து கற்கும் மாணவர்க்கு இதில் தனிப்பட்ட பொருளொன்றும் உண்டு. 19 ஆம் நூற்றாண்டில் அவர்தம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காடுகளையும் தம்புள்ளையையும் கடந்து மாத்தளைக்கு நடந்தனர். அங்கிருந்து மலைத் தோட்டங்களுக்குச் சென்றனர். அந்த வழியும் நிலப்படத்தில் ஒரு கோடே. கிணறு வற்றிய இடமும், வாந்திபேதி கண்டு வீழ்ந்தோரை விட்டுச் சென்ற இடமும் கோட்டில் இல்லை. பதுளைக்கு இருப்புப்பாதை வந்ததோ 1924 இல். கோட்டை மட்டும் கண்டு தங்குமிடத்தைக் காணாத வரலாறு, நடந்தவரை மறந்து நடத்தியவரை மட்டும் நினைக்கும் வரலாறாகும்.

'விளையாட்டு விளையாட்டுத்தானே, எல்லாவற்றையும் காட்டப் புகுந்தால் ஆட முடியுமா?' என்று சிலர் வினவலாம். சுருக்குதல் குற்றமன்று. சதுரங்கமும் ஆடுபுலி ஆட்டமும் போரைப் பெரிதும் சுருக்கியவையே. ஆனால் அவை எந்த ஊரின் பெயரையும் தாங்கவில்லை. எந்த ஆண்டையும் கூறவில்லை. தகாசா என்றும் கண்டி என்றும் பெயரெழுதி, ஆண்டும் குறித்துவிட்ட பலகை அப்பெயர்களுக்குக் கடன்பட்டதாகின்றது. அக்கடனைத் தீர்த்தலும் அரிதன்று. பாதையைக் கோடாக அன்றித் தங்குமிடங்களின் தொடராக வரைக. ஒவ்வொரு தங்குமிடத்திற்கும் நீரின் அளவு பருவந்தோறும் மாறுக. சுங்கம் மிகுந்தால் வணிகர் முறையிடவும், முறையீடு பயனற்றுப்போனால் வேறு வழி செல்லவும் இடமிருக்கட்டும். அவ்வாறு அமைந்தால் ஆட்டத்தின் சுவை குறையாது. அரசாளுதல் அள்ளிக்கொள்ளுதல் மட்டுமன்று என்னும் அறிவும் ஆட்டத்தின் ஊடே விளையும்.

நம் மாணவருட் கணினிக் கலை பயில்வோர் பலர். பிறர் வரைந்த படத்தில் ஆடுவதோடு அமையாது, தாமே படம் வரையும் நாளில், ஊவாவின் உப்புப் பாதையை அவர்கள் எடுத்துக்கொள்வார்களாக. அதற்கு வேண்டிய முதற் சட்டநூல் கல்லில் எழுதப்பெற்றுப் பதுளையிலேயே இருக்கின்றது.