இரட்டித்தால் போதுமா? – ஜிம் கிரேயின் ஆய்வுரை பற்றிய திறனாய்வு

விளக்கு எரியும்போது எண்ணெயைப் பற்றி எவரும் பேசுவதில்லை. அணைந்த பின்னரே எண்ணெய் எங்கே, திரி எங்கே, தீப்பெட்டி எங்கே என்ற கேள்விகள் எழும். இக்காலத் தரவு மையங்களின் நிலையும் அத்தகையதே. வங்கிக் கணக்கும், மருத்துவக் குறிப்பும், மாணவர் வருகைப் பதிவும் எங்கோ ஒரு கட்டடத்தில் வரிசை வரிசையாக அடுக்கப்பட்ட கணினிகளில் தங்கியிருக்கின்றன. அவை இரவு பகல் பாராது இயங்கும்வரை அவற்றை நினைப்பார் இலர்.

2023ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள், சனிக்கிழமை பிற்பகல், சிங்கப்பூர் மக்களுக்கு அந்நினைவு வலிய வந்தது. டிபிஎஸ், சிட்டிபேங்க் ஆகிய இரு வங்கிகளின் பணிகளும் ஒருங்கே தடைப்பட்டன. மறுநாள் விடிவதற்குமுன் எல்லாம் சீராகும்வரை ஏறத்தாழ 25 இலட்சம் பணப் பரிமாற்றங்கள் நிறைவேறவில்லை என்றும், இணைய வங்கிச் சேவைக்குள் நுழைய முயன்று தோற்ற முயற்சிகள் 8 இலட்சத்து 10 ஆயிரம்வரை இருக்கும் என்றும் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. கடையில் பொருளை எடுத்து வைத்துவிட்டுப் பணம் செலுத்த வழியின்றி நிற்பவருக்கு, கணினி என்பது அன்று தொலைவில் உள்ள பொருள் அன்று.

பணி ஏன் நின்றது? இக்கேள்வியையே தலைப்பாகக் கொண்ட ஆய்வுரை ஒன்று 38 ஆண்டுகளுக்கு முன்னரே, அதாவது 1985ஆம் ஆண்டில், எழுதப்பட்டுவிட்டது. ‘கணினிகள் ஏன் நிற்கின்றன? அதற்குச் செய்யக்கூடியது என்ன?’ என்பது அதன் தலைப்பின் பொருள். எழுதியவர் ஜிம் கிரே என்னும் அமெரிக்க அறிஞர். பின்னர் 1998ஆம் ஆண்டுக்குரிய டூரிங் பரிசைப் பெற்றவர். தரவு மையங்களின் இடையறாப் பணியைப் பற்றி அதன்பின் எழுதப்பட்டவற்றுள் பலவற்றுக்கு இச்சிற்றாய்வு அடிப்படையாக நிற்கிறது. அதன் நிறையையும் குறையையும் சிங்கப்பூர் நிகழ்ச்சியை உரைகல்லாக வைத்து ஆராய்வது பயனுடையதாகும்.

ஆய்வுரையின் சிறப்பு

கிரே அப்போது டாண்டம் என்னும் நிறுவனத்தில் பணியாற்றினார். நில்லாமல் இயங்கும் கணினிகளைச் செய்து விற்பதே அந்நிறுவனத்தின் தொழில். தம் நிறுவனத்தின் பொருளை உயர்த்திக் கூறுவது ஊழியர் வழக்கம். கிரே அவ்வாறு செய்யவில்லை. வாடிக்கையாளரிடம் இருந்த கணினிகள் ஏழு மாத காலத்தில் எப்போது நின்றன, எதனால் நின்றன என்ற அறிக்கைகளைத் திரட்டி எண்ணினார். பொருத்திய புதிதில் தோன்றும் தொடக்கக் கோளாறுகளை நீக்கியபின் அவர் கண்டது இது: நின்றவற்றுள் 42 விழுக்காடு, கணினியைப் பேணுவோர், இயக்குவோர், அமைப்போர் ஆகியோரின் பணியை ஒட்டி நேர்ந்தவை, 25 விழுக்காடு மென்பொருளால் நேர்ந்தவை, 18 விழுக்காடு பொறியுறுப்புகளால் நேர்ந்தவை, 14 விழுக்காடு மின்சாரம் முதலிய சூழலால் நேர்ந்தவை. கணினி நின்றால் ஏதோ ஓர் உறுப்பு உடைந்திருக்கும் என்று கருதுவதே பொது வழக்கு. அக்கருத்து தவறு என்பதைக் கணக்கிட்டுக் காட்டியது இவ்வாய்வின் முதற்சிறப்பு.

இரண்டாவது சிறப்பு, விழுக்காட்டின் மயக்கத்தை அவர் அறிந்திருந்தமை. அக்காலத்தில் நன்கு பேணப்படும் ஒரு கணினி இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை நின்று, 90 நிமிடத்தில் மீண்டெழும் என்கிறார் அவர். அதைக் கணக்கிட்டால் 99.6 விழுக்காடு வரும். தேர்வில் 99.6 வாங்கிய மாணவனைப் பள்ளியே கொண்டாடும். ஆயின் மருத்துவமனையில் கிடக்கும் நோயாளியும், உருக்காலையில் உலையை நோக்கி நிற்பவனும் அந்த எண்ணை ஒப்பமாட்டார்கள் என்று கிரே தெளிவுபடக் கூறுகிறார்.

இன்றைய விளம்பரங்களில் ‘ஐந்து ஒன்பது’ என்ற சொல் வழங்குகிறது. 99.999 விழுக்காடு என்பது அதன் பொருள். ஆண்டொன்றுக்கு 5,25,600 நிமிடங்கள்; அவற்றுள் சற்றேறக்குறைய ஐந்து நிமிடங்கள் மட்டுமே பணி நிற்கலாம் என்பது அதன் வாக்குறுதி. மூன்று ஒன்பது என்றாலோ ஏறத்தாழ 8 மணி 46 நிமிடம் நிற்கலாம். இந்த எண்கள் எவ்வளவு நேரம் என்பதைச் சொல்லுமேயன்றி, எந்த நேரம், யாருக்கு என்பதைச் சொல்லா. சிங்கப்பூர் நாணய ஆணையம் முதன்மையான வங்கி அமைப்புகளுக்கு விதித்த வரம்பு, 12 மாதத்தில் மொத்தம் 4 மணி நேரத்துக்கு மேல் எதிர்பாராத தடை கூடாது என்பதாகும். பொதுமக்களுக்கு விளங்கும் அளவுகோல் விழுக்காட்டினும் இதுவே எனலாம்.

சாராமை என்னும் நிபந்தனை

இடையறாப் பணிக்குப் பொறியாளர் காட்டும் பொதுவழி இரட்டித்தல். மின்சாரம் போனால் மின்கலம். மின்கலம் தீருமுன் மின்னாக்கி. ஒரு குளிரூட்டி கெட்டால் மற்றொன்று. ஒரு கட்டடம் முடங்கினால் வேறொரு கட்டடம். நூற்றில் ஒருமுறை பொய்க்கும் கருவிகள் இரண்டை வைத்தால், இரண்டும் சேர்ந்து பொய்ப்பது பதினாயிரத்தில் ஒருமுறையே என்று கணக்கு கூறும். கிரேயும் இணைக்கருவிகளின் ஆற்றலை வியந்து பேசுகிறார். அக்கணக்கு பிழையன்று. ஆனால் அதனுள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. இரு கருவிகளும் ஒன்றையொன்று சாராதிருத்தல் வேண்டும் என்பதே அது. ஒரே மரத்தில் கட்டிய இரண்டு ஊஞ்சல்களுள் ஒன்று அறுந்தால் மற்றொன்று உதவும். மரமே சாய்ந்தால் இரண்டும் உதவா.

சிங்கப்பூரில் நிகழ்ந்ததை இங்கே நோக்குக. இரு வங்கிகளும் ஈக்வினிக்ஸ் நிறுவனத்தின் தரவு மையத்தில் இடம் பெற்றிருந்தன. அங்கே குளிர்விப்பு அமைப்பை மேம்படுத்தும் வேலை, முன்னரே திட்டமிட்டபடி, நடந்துகொண்டிருந்தது. அவ்வேளையில் ஒப்பந்தக்காரர் ஒருவர் பிழையான கட்டளையை அனுப்ப, குளிர்நீர்த் தொட்டிகளின் வால்வுகள் மூடிக்கொண்டன. வெப்பம் ஏறியது, கணினிகள் நின்றன. வங்கிகள் உடனே தத்தம் மாற்று மையங்களுக்குப் பணியை நகர்த்த முயன்றன. மாற்று மையங்கள் இல்லாமலில்லை. ஆனால் டிபிஎஸ் வங்கிக்குக் கணினி வலையின் அமைப்பில் இருந்த பிழையும், சிட்டிபேங்கிற்கு இணைப்புக் கோளாறும் தடையாயின. இரண்டாவது விளக்கு இருந்தது. ஏற்றப் போனபோது திரி பொருந்தவில்லை.

இந்நிகழ்ச்சியைக் கிரேயின் பட்டியலில் எந்தக் கட்டத்தில் எழுதுவது? குளிர்விப்பு பொய்த்ததால் சூழல் என்பதா? வால்வை மூடிய கட்டளையால் பேணுவோர் பிழை என்பதா? மாற்று மையத்தின் வலை பிழைபட்டதால் அமைப்போர் பிழை என்பதா? மூன்றும் பொருந்தும், எதுவும் தனித்துப் போதாது. முதற்பிழை மட்டும் நேர்ந்து மாற்று மையம் செவ்வனே எழுந்திருந்தால், மக்கள் அதை அறிந்தேயிரார். இரண்டாம் பிழை மட்டும் இருந்திருந்தால், அது வெளிப்படாமலே கிடந்திருக்கும். ஒரு தடைக்கு ஒரு காரணம் என்று வகுத்த பட்டியலில் இச்சேர்க்கை புலப்படாது. கிரேயின் ஆய்வில் காணத்தக்க முதற்குறை இதுவேயாகும்.

‘மனிதப் பிழை’ முடிவா, தொடக்கமா?

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. 42 விழுக்காடு மனிதர் பணியை ஒட்டியது என்று கண்ட கிரே, அதற்கு மருந்தாக மனிதர் தொட வேண்டிய இடங்களைக் குறைக்கச் சொல்கிறார். கணினி தன்னைத் தானே அமைத்துக்கொள்ள வேண்டும். பேணும் வேலை மிகச் சிறிதாதல் வேண்டும். இயக்குவோரிடம் கேட்கும் கேள்விகள் எளியனவாதல் வேண்டும். கெடாததைத் தொடாதே என்ற பழைய அறிவுரையையும் அவர் நினைவூட்டுகிறார். இவை நல்லுரைகளே. ஆயினும் குளிர்விப்பு அமைப்பைத் தொடாமலே எத்தனை ஆண்டுகள் வைத்திருக்க இயலும்? தொடாது விட்டால் முதுமையால் கெடும். தொட்டால் கை பிழைக்கும். இவ்விடர்ப்பாட்டுக்கு ஆய்வுரையில் போதிய விடை இல்லை.

அதற்கு இரண்டாண்டுகள் முந்தியே, 1983இல், லிசான் பெயின்பிரிட்ஜ் என்னும் உளவியலறிஞர் ‘தானியக்கத்தின் முரண்கள்’ என்ற பொருளில் ஒரு கட்டுரை எழுதினார். இயக்குபவரை நம்ப இயலாதவர் என்று கருதி வடிவமைப்பாளர் அவரை விலக்குகிறார். ஆனால் வடிவமைப்பாளரும் மனிதரே. அவர் பிழையும் பொறிக்குள் புகும். மேலும், பொறியால் செய்ய இயலாத கடினமான வேலை மட்டும் இறுதியில் இயக்குபவர் தலையில் விழுகிறது. நாள்தோறும் கைப்பழக்கம் இழந்தவர், இடர்வந்த நாளில் மட்டும் வல்லுநராக விளங்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்படுகிறார். கிரேயின் ஆய்வையும் இக்கட்டுரையையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பவருக்கே முழுமை விளங்கும்.

2021ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் ஃபேஸ்புக் நிறுவனத்தின் சேவைகள் சுமார் ஆறு மணி நேரம் நின்றன. பேணும் வேலையின்போது இட்ட ஒரு கட்டளை அதன் தரவு மையங்களை இணைக்கும் வலையையே துண்டித்தது. அத்தகைய கட்டளையைத் தடுக்க வேண்டிய தணிக்கைக் கருவியில் பிழை இருந்தது. பழுது பார்க்கும் கருவிகளும் அதே வலையைச் சார்ந்திருந்தமையால் பொறியாளர்கள் நேரில் செல்ல வேண்டியதாயிற்று. வலுவான காவலுடன் அமைந்த கட்டடங்களுக்குள் நுழைவதற்கே காலம் கழிந்தது. இங்கே பெயின்பிரிட்ஜின் முரண் கண்கூடாயிற்று. ஆனால் இதே நிகழ்ச்சியில் ஒரு நற்பாடமும் உண்டு. பெருந்தடை நேர்ந்ததாகப் பாவித்துச் செய்யும் ஒத்திகைகளை அந்நிறுவனம் முன்னரே நடத்தி வந்தது. பணியைச் சிறிது சிறிதாக மீட்டெழுப்ப அப்பயிற்சி உதவியது என்று அதன் பொறியாளர்களே எழுதினர். முழு வலையும் அறுவதாக மட்டும் அவர்கள் ஒத்திகை பார்த்ததில்லை. ஒத்திகை பார்த்த பகுதி விரைந்தது. பாராத பகுதி தடுமாறியது.

‘மனிதப் பிழை’ என்று எழுதி அறிக்கையை முடிப்பது, மாணவன் ஏட்டில் சிவப்பு மையால் ஒரு குறுக்குக்கோடு இட்டு ஏட்டை மூடிவிடுவதை ஒக்கும். கோடு இட்டதால் மாணவன் கற்றுக்கொள்வதில்லை. எங்கே வழுவினான், வழுவும்படி வினா அமைந்திருந்ததா, முன்னர் அவனுக்குப் பயிற்சி தரப்பட்டதா என்று கேட்பவரே ஆசிரியர். அதுபோலவே, ஒரு கட்டளையால் எல்லா வால்வுகளும் மூடும்படி அமைப்பு ஏன் இருந்தது? மூடியதைக் கண்டவுடன் திறக்கக் கற்றவர் அருகிலிருந்தாரா? மாற்று மையத்திற்கு உண்மையான பணியை நகர்த்திப் பார்த்து எத்தனை நாளாயிற்று? இவையே கேட்கத்தக்க கேள்விகள். அந்நிகழ்ச்சிக்குப்பின் நாணய ஆணையம் டிபிஎஸ் வங்கியின் இன்றியமையாதன அல்லாத கணினி மாற்றங்களை ஆறு மாதம் நிறுத்தி வைக்கச் செய்தது. தண்டனை என்பதினும், நின்று கற்றுக்கொள்ள அளித்த காலம் என்று அதனைக் கொள்வதே தகும்.

முடிவுரை

பொறியுறுப்பைக் குறை கூறிய உலகுக்கு, கண்ணை மனிதர் பணியின்பால் திருப்பியவர் கிரே. அப்பெருமை என்றும் அவர்க்கு உரியது. ஆனால் அவர் காட்டிய 42 என்ற எண்ணைப் பிற்காலத்தார் பலர் மனிதனை நீக்குவதற்குரிய சான்றாக மட்டும் கொண்டனர். அதே எண் மனிதனைப் பயிற்றுவதற்கும் சான்றாகும். அவ்வறிக்கைகளில் நின்றுபோன நேரங்கள் எண்ணப்பட்டன. நிற்கவிருந்ததை ஒருவர் விழிப்பால் தடுத்த நேரங்கள் எந்த அறிக்கையிலும் ஏறவில்லை என்பதை மறத்தலாகாது.

சிங்கப்பூரிலும் ஜொகூரிலும் தரவு மையங்கள் பெருகிவரும் இந்நாளில், அவை எத்தனை மின்னாக்கிகளை வைத்துள்ளன என்று கேட்பதோடு அமைதல் கூடாது. கடைசியாக எப்போது அவற்றை ஓட்டிப் பார்த்தீர்கள், ஓட்டியவர் யார், அவருக்குப்பின் கற்றவர் யார் என்றும் கேட்க வேண்டும். இரண்டு விளக்கு வைத்திருப்பது முன்யோசனை. இரண்டாவதை இருட்டில் ஏற்றிப் பழகியிருப்பதே பாதுகாப்பு.