‘சாத்தானின் வசனங்கள்’ எதிர்ப்பியக்கம்: ஒரு விமர்சன நோக்கு

தன் சமயம் நிந்திக்கப்பட்டதாகக் கருதும் ஒரு சிறுபான்மைச் சமூகம் எதனைக் கோருகின்றது என்பதும், அக்கோரிக்கை எவ்வாறு வெளியுலகைச் சென்றடைகின்றது என்பதும் வேறுவேறானவை. 1988 செப்டெம்பரில் வெளியான சல்மான் றுஷ்டியின் ‘சாத்தானின் வசனங்கள்’ நாவலுக்கெதிராகப் பிரித்தானிய முஸ்லிம்கள் நடத்திய இயக்கம் இதற்குத் தக்க சான்றாகும்.

இந்நாவல் பெரிதும் குடிபெயர்ந்தோர் பற்றியது. இலண்டன்வாழ் ஆசியர் எதிர்கொள்ளும் நிறவாதமும் பொலிஸாரின் கொடுமையும் அதிற் சித்திரிக்கப்படுகின்றன. எனினும், பாத்திரமொன்றின் கனவாக வரும் பகுதிகளில், விபசார விடுதிப் பெண்கள் நபிகள் நாயகத்தின் துணைவியரது பெயர்களைப் பூணுகின்றனர். ‘அது கனவுதானே’ என்னும் விளக்கம் நாவலின் உத்தியைத் தெளிவுபடுத்துமேயன்றிப் புண்பட்டோருக்கு விடையாகாது. எவரது அவமதிப்பை நாவல் பேச முற்பட்டதோ, அவர்களே அதனால் அவமதிக்கப்பட்டதாக உணர்ந்தமை கவனத்திற்குரியது.

எதிர்ப்பு கடிதங்களுடனும் மனுக்களுடனும் தொடங்கியது. 1988 டிசெம்பரில் பொல்டன் நகரில் ஆயிரக்கணக்கானோர் திரண்டபோது தேசியப் பத்திரிகைகள் அதனைப் பொருட்படுத்தவில்லை. 1989 ஜனவரி 14ஆம் திகதி பிறட்போர்ட் நகரில் நூற்பிரதி எரிக்கப்பட்டபோதோ, அக்காட்சி உலகெங்கும் பரவியது. நாஸிகளின் நூலெரிப்போடும் அது ஒப்பிடப்பட்டது. மனுவைப் புறக்கணித்த சாதனங்கள் தீயை மட்டுமே செய்தியாக்கின.

இதனால் மறைக்கப்பட்டது சட்டம் பற்றிய வினாவாகும். இங்கிலாந்தின் தெய்வநிந்தனைச் சட்டம் கிறிஸ்தவத்தை மட்டுமே பாதுகாத்தது. அது வழக்கொழிந்த சட்டமுமன்று. 1977இல் இயேசுவைப் பற்றிய கவிதையொன்றைப் பிரசுரித்த சஞ்சிகை அதன்கீழ்த் தண்டிக்கப்பட்டது. அப்பாதுகாப்பு இஸ்லாத்துக்கும் உண்டென்ற வாதத்தை நீதிமன்றம் 1990இல் நிராகரித்தது. ஆகவே பாரபட்சம் கற்பனையன்று.

ஆயினும் இயக்கத்தின் குறைபாடுகளையும் சுட்டாதிருத்தல் இயலாது. 1989 பெப்ரவரி 14ஆம் திகதி ஆயத்துல்லா கொமெய்னி விடுத்த மரண பத்வா, பிரித்தானிய முஸ்லிம்களின் வழக்கை அவர்களது கைகளிலிருந்தே பறித்துவிட்டது. அதனை ஐயத்துக்கிடமின்றி நிராகரிக்கத் தலைவர்கள் சிலர் தயங்கியமை நியாயமான கோரிக்கையையும் பலவீனப்படுத்தியது. நாவலின் யப்பானிய மொழிபெயர்ப்பாளர் 1991இற் கொல்லப்பட்டார். றுஷ்டி 2022 ஓகஸ்டிற் கத்திக்குத்துக்கு இலக்காகி ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். எழுத்துக்கு எழுத்தே மறுமொழியாதல் வேண்டும். கத்தி எந்தச் சமயத்தின் மாண்பையும் மீட்டுத் தராது.

மற்றொரு குறைபாடு கோரிக்கையின் வடிவிலேயே இருந்தது. ஒரு சமயத்துக்குரிய சலுகையில் தமக்கும் பங்கு கேட்டவர்கள், அச்சலுகை இருத்தல் தகுமா என்று பெரிதும் வினவவில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அச்சட்டம் 2008இல் நீக்கப்பட்டது. அதற்கு முன்னர், 2006ஆம் ஆண்டுச் சட்டம், சமயத்தின் பெயரால் மக்கள்மீது வெறுப்பைத் தூண்டும் அச்சுறுத்தலைக் குற்றமாக்கியிருந்தது; சமயக் கருத்துகளை விமர்சிக்கும் உரிமையை அது பேணியது. சமத்துவம் சலுகையின் விரிவாலன்றி அதன் ஒழிப்பாலேயே எய்தப்பட்டது. கோட்பாட்டைச் சட்டத்தாற் காப்பதும் அதனைப் பின்பற்றும் மனிதரைக் காப்பதும் ஒன்றல்ல என்னும் இவ்வேறுபாடே அவ்வியக்கம் விட்டுச்சென்ற முக்கிய படிப்பினை எனலாம்.