பக்கத்து மேசையிலிருந்து பாடுபவர்கள்

கிளாஸ்கோவில் நாங்கள் வேலை செய்யும் றெஸ்ரோறண்டின் குசினியில் எண்ணெய்ப் பிசுக்குப் பிடித்த ஒரு பழைய ஸ்பீக்கர் இருக்கிறது. வெள்ளி, சனி இரவுகளில் அதைப் போட்டுப் பிரயோசனமில்லை. ஓடர் கத்துகிற சத்தமும் கோப்பை கழுவும் மெஷினின் உறுமலும் எந்தப் பாட்டையும் விழுங்கிவிடும். மற்ற நாட்களில், கடைசிச் சாப்பாட்டுக்காரரும் எழும்பிப் போன பிறகு, அடிப்பிடித்த பெரிய சட்டிகளைச் சுரண்டிக்கொண்டு நிற்கும்போதுதான் எங்களுக்குப் பாட்டு. அப்படியான ஓரிரவில், எங்களோடு பகுதிநேரமாகக் கோப்பை கழுவ வந்த ஒரு ஸ்கொட்டிஷ் பெடியன், பல்கலைக்கழக மாணவன், தன்னுடைய ஊர்ப் பாட்டு ஒன்றைப் போட்டான். கிற்றார் மெல்லத் தட்ட, ஒருவன் கிட்டத்தட்டக் கதைப்பதுபோலப் பாடினான். சட்டிக்குள் தலையை விட்டபடி நின்ற எல்லாரும் ஒரேயொரு சொல்லுக்கு நிமிர்ந்தோம்: டிப்போர்ட்.

ஆங்கிலத்தில் எங்களுக்கு இன்னமும் பிடிபடாத சொற்கள் ஆயிரம் உண்டு. ஆனால் இந்தச் சொல்லை எந்த உச்சரிப்பில், எவ்வளவு மெதுவாகச் சொன்னாலும் எங்கள் காது தவறவிடாது.

அந்தப் பாட்டு 'த ஸ்ரேற் ஐ ஆம் இன்'. பெல் அன்ட் செபஸ்ரியன் என்ற கிளாஸ்கோ இசைக்குழுவின் முதலாவது அல்பமான 'ரைகர்மில்க்'கின் முதலாவது பாட்டு, 1996. தங்கையின் கலியாண நாளில் தன்னைப்பற்றிய உண்மையை எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிடுகிற சகோதரன், பாவமன்னிப்பில் கேட்ட இரகசியத்தைப் புத்தகமாக்கிவிடுகிற பாதிரியார் என்று நாலு வரிக்கொரு கதை அதில் வந்துபோகிறது. இடையில், நாடுகடத்தலிலிருந்து காப்பாற்றுவதற்காக ஒரு பெண்ணை அவசர அவசரமாகக் கலியாணம் முடித்துவிட்டதாகச் சொல்கிறான் பாடுபவன். பிறகு அவள் அவனைக் காதலிக்கத் தொடங்கிவிட்டாளாம். அவ்வளவுதான். அவள் எந்த நாட்டவள், கடைசியில் அவளுக்கு விசா கிடைத்ததா என்ற கேள்விகள் அந்தப் பாட்டுக்குரியவை அல்ல.

"அது ஒரு பகிடி வரி" என்றான் பெடியன்.

"பகிடிதான் தம்பி. ஆருக்கு?" என்றார் எங்களில் மூத்தவர், தமிழில். மொழிபெயர்த்துச் சொல்ல ஒருவரும் முன்வரவில்லை.

அன்றிலிருந்து ஏறக்குறைய இரண்டு வருடம் இந்தக் குழுவின் அல்பங்களை ஒவ்வொன்றாகக் கேட்டோம். எழுதத் தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த இசையை எங்களுக்குப் பிடிக்கும். பிடிக்காததைப்பற்றி எழுதுவதற்கு எங்களிடம் ஓய்வு நாட்கள் இல்லை.

பாட்டுக்காரனும் பாட்டெழுதுபவனுமான ஸ்ரூவேர்ட் மேர்டொக் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தவர். எண்பதுகளின் இறுதியில் தீராத களைப்பு நோய் அவரைப் பிடித்தது. எம்.ஈ. என்று இங்கே சொல்வார்கள். ஏறக்குறைய ஏழு வருடங்கள் படிப்பில்லை, வேலையில்லை. வீடும் கட்டிலும் ஜன்னலும்தான். பாட்டெழுதத் தொடங்கியது அந்த வருடங்களில். நோயை நாங்கள் அறியோம். ஆனால் படிப்பு பாதியில் அறுந்து நிற்பதையும், நடுவயதுக்கு முன்னரே வாழ்க்கையின் ஓரத்தில் உட்கார்த்தி வைக்கப்படுவதையும், வேலை செய்ய அனுமதியில்லாமல் ஒரு கடிதத்துக்காக வருடக்கணக்கில் காத்திருப்பதையும் அறிவோம். அவருடைய பாட்டுகளில் பகல் நேரம் நீளமாக இருப்பது ஏன் என்று ஒரு விமர்சகரும் எங்களுக்கு விளக்கத் தேவையில்லை. பஸ்ஸில் ஏறி நகரத்தைச் சுற்றுகிறவர்கள், நூலகத்தில் குளிர் காய்கிறவர்கள், தேவாலயத்துப் பின்வாங்கில் இருக்கிறவர்கள். மற்றவர்கள் வேலைக்குப் போன பிறகு நகரத்தில் மிஞ்சியிருப்பவர்கள்.

இந்தக் குழு உருவான விதத்தை ஆங்கிலச் சஞ்சிகைகள் ஒரு தேவதைக் கதைபோலச் சொல்லி வந்திருக்கின்றன. உண்மையில் அது வேலையற்றோர் கொடுப்பனவின் கதை. மேர்டொக்கும் பாஸ் கிற்றார் வாசித்த ஸ்ரூவேர்ட் டேவிட்டும் சந்தித்தது வேலையில்லாத இசைக்கலைஞர்களுக்காக நடத்தப்பட்ட 'பீற்பொக்ஸ்' என்ற பயிற்சித் திட்டத்தில். டிறம்ஸ் வாசித்த றிச்சர்ட் கோல்பேர்ன் ஸ்ரோ கல்லூரியில் இசைத்தொழில் பாடநெறியில் மாணவர். அந்தப் பாடநெறியில் 'த அசோசியேற்ஸ்' குழுவில் முன்பு இருந்த அலன் றங்கின் படிப்பித்தார். மாணவர்கள் 'எலெக்றிக் ஹனி' என்ற பெயரில் ஒரு றெக்கோட் கம்பனியை நடத்தி, வருடத்துக்கு ஒரு சிறு இசைத்தட்டு வெளியிடுவார்கள். இவர்களிடம் பாட்டுகள் நிறைய இருந்தபடியால் அந்த வருடம் முழு அல்பமாகவே வந்தது. ஒலிப்பதிவு சில நாட்களில் முடிந்தது. 1996 யூனில் வெளியானது ஆயிரம் பிரதிகள் மட்டும். பின்னாளில் அதே பிரதிகள் நூற்றுக்கணக்கான பவுண்டுகளுக்குக் கைமாறின. வேலையற்றோர் திட்டம், அரசாங்கக் கல்லூரி, தேவாலய மண்டபத்தின் மேல்மாடியில் காவலாளாக இருந்து கிடைத்த ஓர் அறை. இந்த மூன்றும் இல்லாவிட்டால் மேர்டொக்கின் 'மேதைமை' கட்டிலிலேயே கிடந்திருக்கும். ஸ்ரோ கல்லூரி 2013 இல் வேறு இரண்டு கல்லூரிகளுடன் இணைக்கப்பட்டு, அந்தப் பெயரே இல்லாமற் போனது. ஸ்ரூவேர்ட் டேவிட் 2015 இல் எழுதிய நினைவுக்குறிப்பு நூல் அந்த முதல் வருடத்தைப்பற்றியதுதான்.

அதே 1996 நவம்பரில் 'இஃப் யூ ஆர் ஃபீலிங் சினிஸ்ரர்' வந்தது. முழுக்கச் சிவப்புச் சாயம் பூசிய ஒரு புகைப்படம் அட்டையில். குழுவின் படங்களைப் பத்திரிகைகளுக்குக் கொடுக்க மாட்டார்கள், பேட்டியும் பெரும்பாலும் இல்லை. முகத்தை மறைப்பது ஒரு விளம்பர உத்திதான் என்று சொன்னவர்களும் உண்டு. இருக்கலாம். புனைபெயரில் எழுதுகிற நாங்கள் இந்த விடயத்தில் அவர்களைக் கேள்வி கேட்கப் போவதில்லை. அந்த அல்பத்தை அவர்களின் உச்சம் என்பார்கள். எங்கள் தெரிவு வேறு.

1997 இல் மூன்று சிறு இசைத்தட்டுகள் வந்தன. அதில் ஒன்று 'லேஸி லைன் பெயின்ரர் ஜேன்'. ஒரு சின்ன ஊரில், கடையொன்றில் வேலை செய்துகொண்டு, வேறு எதையாவது கனவு காண்கிற ஒருத்தியின் பாட்டு. வழக்கம்போல மேர்டொக் தன் மெல்லிய குரலில் அவளைப்பற்றித் தொடங்குகிறார். பிறகு மொனிக்கா குவீன் என்ற பாடகியின் குரல் வருகிறது. அது வருவதென்று சொல்ல முடியாது, கதவை உதைத்துத் திறக்கிறது. அவருடைய குரல் அதன் பக்கத்தில் பள்ளிக்கூடப் பெடியனின் குரல்போலச் சுருங்கிவிடுகிறது. பாட்டு அதன்பின் அவருடைய கையில் இல்லை. ஓர்கனும் டிறம்ஸும் சேர்ந்து, ஏறக்குறைய ஆறு நிமிடம்வரை, நிற்க மனமில்லாமல் ஓடுகின்றன. முந்திய வருடம் ஒரே வரியில் வந்துபோன அந்த நாடுகடத்தப்பட இருந்த பெண்ணுக்குக் கிடைக்காதது ஜேனுக்குக் கிடைத்தது. தன்னைப்பற்றிய பாட்டில் தானே வாய் திறக்கும் உரிமை. வரிகள் மேர்டொக்கினுடையவைதான், தெரியும். ஆனாலும் தன்னுடைய பாட்டில் தானே தோற்றுப்போக இடம் கொடுத்தாரே, அதுதான் பெரிய விடயம். அவர்களின் முழுப் பயணத்திலும் இதற்கு நிகராக ஒன்றை நாங்கள் கேட்கவில்லை.

பிறகு 'த போய் வித் த அரப் ஸ்ராப்' (1998), 1999 இல் பிறிற் விருது. மூன்று அல்பங்கள் போட்டவர்களுக்குச் 'சிறந்த புதுமுகம்' என்று விருது! 2000 ஆம் ஆண்டின் அல்பத்தில் பலர் பாட்டெழுதினார்கள். பங்கு பிரிக்கப்பட்ட காணிபோல ஆளுக்கொரு துண்டு. அதன் முதற்பாட்டு, யுத்தத்தில் சண்டை பிடித்த ஒருவன் தன் காதலியை நினைப்பது. ஷெல் என்ற சொல்லும் அதில் வருகிறது. அழகான மெட்டு. ஆனால் அந்த யுத்தம் பழைய கறுப்புவெள்ளைப் படத்தில் வரும் யுத்தம். அதில் ஒருவருக்கும் மண்வாசம் மூக்கில் ஏறவில்லை. ஸ்ரூவேர்ட் டேவிட் அந்த வருடமே விலகினார். செலோ வாசித்துப் பாடிய இசபெல் கம்பெல் 2002 இல் விலகினார். அவருடைய குரல் போனதோடு ஒரு நிழல் போனது என்றுதான் எங்களுக்குப் படுகிறது.

இனி 2003. 'டியர் கற்றாஸ்ரஃபி வெயிற்றஸ்'. தயாரிப்பாளர் ட்றெவர் ஹோர்ன், பெரிய பெரிய பொப் வெற்றிகளைச் செதுக்கியவர். குழு தன்னை விற்றுவிட்டது என்று பழைய இரசிகர்கள் கொதித்தார்கள். சத்தம் சுத்தமாகிவிட்டது என்பதற்காக ஒரு குழுவைக் குற்றம் சாட்டுகிறவர்கள், கிறீச்சிடும் ஒலிப்பதிவை வறுமையின் அழகாகப் பார்த்துப் பழகியவர்கள். ஏழு வருடம் கட்டிலில் கிடந்த மனிதன் எழும்பி நின்று வயலின்களும் ட்றம்பெற்றுகளும் சூழப் பாட ஆசைப்பட்டால், பாடட்டும். எங்கள் பிரச்சினை வேறு. அந்தத் தலைப்புப் பாட்டு எங்கள் தொழிலைப்பற்றியது.

சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிற, எதைத் தொட்டாலும் பிழைத்துப்போகிற ஒரு பெண். ஒருவன் சோடாக் கான் ஒன்றால் எறிந்து அவளின் முகத்தில் இரத்தம் வருகிறது. பாடுபவன் அவளிடம் மன்னிப்புக் கேட்கிறான், எறிந்தவனுக்காக. பிறகு ஆறுதல் சொல்கிறான்: நீ கெதியில் இந்த ஊரை விட்டுப் போய்விடுவாய். வயலின்கள் எழும்புகின்றன. சினிமா முடிவுபோல.

எங்கள் கடையில் மேசைக்குச் சாப்பாடு கொண்டுபோகிற பெண்ணுக்கு இந்தப் பாட்டின் கருத்தைச் சொன்னோம். அவள் கேட்டது இரண்டு கேள்வி. "அண்டைக்குச் சம்பளம் குடுத்தவங்களாமோ?" மற்றது, "போறதெண்டா எங்க போறது?"

இதைவிட நல்ல விமர்சனத்தை எங்களால் எழுத முடியாது. ஊரைவிட்டுப் போவது விடுதலை என்று நினைக்கக்கூடியவர், விரும்பினால் திரும்பி வரக்கூடியவர். நாங்கள் ஏற்கனவே ஊரைவிட்டு வந்துதான் இந்தக் கடையில் நிற்கிறோம். மேர்டொக்கின் இரக்கம் பொய்யல்ல. ஆனால் அது பக்கத்து மேசையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறவரின் இரக்கம். அவர் எழும்பி வந்து உடைந்த கோப்பையைப் பொறுக்கவில்லை, எறிந்தவனின் சட்டையைப் பிடிக்கவுமில்லை. அதே அல்பத்தில் 'லோர்ட் அன்ரனி' என்று, பள்ளிக்கூடத்தில் அடிவாங்குகிற ஒரு பெடியனைப்பற்றிய பாட்டு இருக்கிறது. அங்கே ஆரவாரம் இல்லை. அடி விழுகிற இடத்திலேயே பாட்டு நிற்கிறது. தான் அறிந்த வலியை எழுதும்போது இந்த மனிதருக்கு வயலின் தேவைப்படுவதில்லை. 2015 இல் வந்த 'நோபொடிஸ் எம்பயர்' அதற்கு இன்னொரு சாட்சி. தன் நோய்க்காலத்தைப்பற்றி இருபது வருடம் கழித்து நேரடியாக எழுதிய பாட்டு அது. அதே பெயரில் 2024 இல் நாவலும் எழுதினார்.

2006 இன் 'த லைஃப் பெர்சூற்' முதல் நடுவில் வந்த அல்பங்களில் நல்ல பாட்டுகள் உண்டு, ஆடலாம். வேலைநேரத்தில் நாங்கள் போடுவது அவற்றைத்தான்.

2022 இல், பெருந்தொற்றினால் லொஸ் ஏஞ்சல்ஸுக்குப் போக முடியாமல், கிளாஸ்கோவில் தங்கள் சொந்த ஒத்திகை இடத்திலேயே ஓர் அல்பம் செய்தார்கள். அதில் ஒரு பாட்டின் தலைப்பு, உன்னை நோக்கி அவர்கள் சுடுவார்களானால் என்று அர்த்தம் தரும். யுக்ரேன் மீது ரஷ்யா படையெடுத்த சில வாரங்களில், அந்தப் பாட்டுக்கு யுக்ரேனியப் புகைப்படக் கலைஞர்களின் படங்களை வைத்துக் காணொளி செய்து, வருமானத்தைச் செஞ்சிலுவைச் சங்கத்துக்குக் கொடுத்தார்கள். பாட்டு எழுதப்பட்டது யுத்தத்துக்கு முன்னர்.

இதைப் பார்த்தபோது எங்களுக்குள் சண்டை வந்தது. "2009 இல ஆரும் எங்களுக்கு ஒரு பாட்டுப் போட்டவங்களோ?" என்று ஒருவர். "அதுக்காக அதுகளுக்கும் போடக்கூடாதோ?" என்று மற்றவர். இரண்டும் நியாயம். ஆனால் பாட்டைப்பற்றிச் சொல்வதானால், இம்முறை மேர்டொக் குறுக்கே நிற்கவில்லை. அந்தப் படங்களில் நிலக்கீழ் ரயில் நிலையத்தில் படுத்திருப்பவர்களும் எல்லையில் பைகளோடு நிற்பவர்களும் தங்கள் ஆட்களாலேயே படமெடுக்கப்பட்டவர்கள். பாட்டு பின்னால் போய் நிற்கிறது. 1997 இல் மொனிக்கா குவீனுக்கு விட்டுக் கொடுத்த இடத்தை இருபத்தைந்து வருடம் கழித்து இன்னொரு முறை விட்டுக் கொடுத்திருக்கிறார். இடையில் ஏன் இவ்வளவு காலம் எடுத்தது என்பதுதான் எங்கள் முறைப்பாடு.

பெடியன் படிப்பு முடித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டான். போகும்போது 'ரைகர்மில்க்' சிடி ஒன்றை, 1999 மறுபதிப்பை, எங்களுக்குத் தந்தான். குசினியில் சிடி போடுகிற மெஷின் இல்லை. அது அரிசிச் சாக்குகளுக்கு மேலுள்ள தட்டில் இருக்கிறது.